காவிரிக் கழிமுகத்தின் நோய்க்கணக்கு – 9: நாகப்பட்டினத்திலிருந்து ஒரு தந்தி

1818-ல் தஞ்சைச் சீமையைப் பிடித்த வாந்திபேதி என்ற காலராவைப் பற்றியும், சென்னை மாகாணம் முழுவதிலுமிருந்து மருத்துவர்களின் கடிதங்களைத் திரட்டி வில்லியம் ஸ்காட் 1824-ல் சென்னையில் வெளியிட்ட அறிக்கையைப் பற்றியும் சென்ற பகுதியில் பார்த்தோம். நோய் வந்து போய் ஆறு ஆண்டு கழித்துத்தான் அந்த அறிக்கை அச்சேறியது. அதற்குள் காலரா எத்தனையோ நாடுகளைக் கடந்துவிட்டது.

இப்போது ஒரு நூற்றாண்டைத் தாண்டி 1925-க்கு வருகிறோம். நாகப்பட்டினத்தில் எத்தனை பேருக்குக் காலரா கண்டது, எத்தனை பேர் இறந்தார்கள், அம்மை எத்தனை, பிளேக் உண்டா இல்லையா என்ற விவரம் வாரந்தோறும் தந்தியில் கடல் கடந்து போகத் தொடங்கிய காலம் இது. போய்ச் சேர்ந்த இடம் சிங்கப்பூர். அங்கே பம்பாய், ரங்கூன், பினாங்கு, பட்டாவியா, சைகோன், ஹாங்காங், ஷாங்காய் என்று கிழக்குத் திசைத் துறைமுகங்களின் விவரங்களெல்லாம் வந்து சேர்ந்தன. அவற்றைத் தொகுத்து வானொலியில் திருப்பிச் சொன்னார்கள். நடுக்கடலில் போகும் கப்பலின் தலைவர்கூட அதைக் கேட்டு, அடுத்து நுழையப்போகும் துறைமுகத்தில் என்ன நோய் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடிந்தது.

இன்று நமக்கு இது சாதாரணமாகப் படலாம். அன்று இது நடந்ததே பெரிய காரியம். ஏன் பெரிய காரியம் என்பதற்குக் கொஞ்சம் பின்னே போகவேண்டும்.

நோய்க்காகக் கப்பல்களை நிறுத்திவைக்கும் விதிகளை நாடுகளிடையே ஒத்துப்போகச் செய்வது பற்றிப் பேச முதல் சர்வதேச சுகாதார மாநாடு 1851-ல் பாரிஸில் கூடியது. 1865-ல் மெக்கா யாத்திரிகர்களிடையே காலரா பரவி, அங்கிருந்து எகிப்து வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. மறு ஆண்டு கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய மாநாடு, நோயின் பிறப்பிடம் இந்தியா என்று விரல் நீட்டியது. அதிலிருந்து பிரிட்டிஷ் இந்திய அரசுக்கு இந்த மாநாடுகள் என்றாலே கசப்பு. காலரா தொற்றிப் பரவுவதே இல்லை, காற்றும் மண்ணும்தான் காரணம் என்று கல்கத்தாவிலிருந்த சுகாதார ஆணையர்கள் பல ஆண்டு வாதாடினார்கள். கல்கத்தாக் குளத்து நீரில் ராபர்ட் காக் 1884-ல் கிருமியைக் கண்ட பிறகும் அந்த வாதம் ஓயவில்லை. அறிவியலில் இருந்த ஐயம் மட்டும் இதற்குக் காரணமில்லை. எங்கள் துறைமுகத்தில் நோய் இருக்கிறது என்று சொன்ன மறுநாளே மற்றத் துறைமுகங்கள் கதவைச் சாத்திவிடும். சரக்கு தேங்கும், கப்பல் காத்துக்கிடக்கும், வணிகர்கள் அரசைத் திட்டுவார்கள். உண்மை சொன்னவனுக்குத் தண்டனை, மறைத்தவனுக்கு லாபம். 1893-ல் டிரெஸ்டனில் கையெழுத்தான ஒப்பந்தம், நோய் தோன்றினால் மற்ற நாடுகளுக்கு அறிவிப்பது கடமை என்று முதன்முதலில் சொன்னது. 1896-ல் பம்பாயில் பிளேக் வெடித்ததும் 1897-ல் வெனிஸில் இன்னொரு ஒப்பந்தம் வந்தது. 1907-ல் பாரிஸில் ஒரு நிரந்தர அலுவலகம் வைக்க முடிவாயிற்று. ஆனால் பாரிஸுக்குக் கடிதம் போய் அச்சாகி வருவதற்குள், நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட கப்பல் பினாங்கில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பியே வந்திருக்கும்.

நாகப்பட்டினத்தை இந்தக் கதையில் முக்கியமாக்கியது அந்தக் கப்பல்தான். 1861-லேயே நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. நாகூர், நாகப்பட்டினம் மரைக்காயர்களுக்கு மலாயாக் கரையோடு அதற்கும் முந்தைய உறவு. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் ஆண்டவருக்கு நினைவிடங்கள் எழுந்தது அந்த உறவால்தான். ரப்பர் தோட்டங்கள் பெருகியதும் தஞ்சை, திருச்சி, தென்னார்க்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் திரட்டிய ஆட்கள் இந்தத் துறைமுகத்து வழியாகப் போனார்கள். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் மலாயா அரசின் கூலி டிப்போக்கள் இருந்தன. அம்மை குத்தி, உடம்பைச் சோதித்து, சில நாள் வைத்திருந்து, பிறகு ஏற்றுவார்கள். கப்பல் கரையில் அணையாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில்தான் போய் ஏறவேண்டும். 1926-ல் கட்டிய ‘ரஜூலா’ வந்தபின் அந்தப் பெயர் கழிமுகத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த பெயராயிற்று. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் வழி. ஐயாயிரம் தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி உண்டு.

ஐயாயிரம் பேர், ஒரே கப்பல். அவர்களில் ஒருவர் குடலில் காலராக் கிருமி இருந்தால் போதும்.

இங்கே நார்மன் ஒயிட் என்ற மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். 1918-ன் இன்ஃப்ளூயன்ஸாக் கொள்ளையின்போது இந்திய அரசின் சுகாதார ஆணையர் அவரே. ஊர் ஊராக வந்த மரணக் கணக்குகளை அடுக்கிவைத்து, இந்தியாவில் சுமார் 60 லட்சம் பேர் மாண்டிருப்பார்கள் என்று முதல் மதிப்பீடு சொன்னவர். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அது இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும் என்றார்கள். எழுதவேண்டிய கிராம அதிகாரியே நோயில் விழுந்துகிடந்தால் யார் எழுதுவது? கணக்குப் புத்தகம் எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்று அனுபவத்தில் அறிந்தவர் ஒயிட். உலகப் போருக்குப் பிறகு பிறந்த தேசங்களின் சங்கம் ஜெனீவாவில் ஒரு சுகாதார அமைப்பைத் தொடங்கியது. அதை நடத்தியவர் லுட்விக் ராய்க்மன் என்ற போலந்துக்காரர். கீழ்த்திசைத் துறைமுகங்களைப் பற்றி ஜப்பானின் பிரதிநிதி மியாஜிமா கேள்வி எழுப்ப, அவற்றை நேரில் பார்த்து வர ஒயிட்டை அனுப்பினார்கள். 1922 கடைசியில் தொடங்கி 1923 நடுவரை அவர் துறைமுகம் துறைமுகமாகப் போய் அறிக்கை கொடுத்தார். ஒவ்வொரு துறைமுகமும் பக்கத்துத் துறைமுகத்தைப் பற்றி வதந்தியைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறது. தகவல் திரட்டும் மையம் ஒன்று இந்தப் பக்கத்திலேயே வேண்டும் என்பது அதன் சாரம்.

1925 பிப்ரவரியில் சிங்கப்பூரில் கூட்டம் நடந்தது. மார்ச் 1-ஆம் தேதி சங்கத்தின் கீழ்த்திசை அலுவலகம் திறந்தது. பணத்தில் பெரும்பகுதி அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் அறக்கட்டளை கொடுத்தது. சிங்கப்பூரின் துறைமுகச் சுகாதார அதிகாரியாக இருந்த கில்பர்ட் புரூக் முதல் இயக்குநரானார். தந்திக்குச் சொல் கணக்கில் காசு. ஆகவே ஒரு சங்கேதப் புத்தகமே தயாரித்தார்கள். துறைமுகத்தின் பெயர், நோய், கண்டவர், இறந்தவர் எல்லாம் சில குறிச்சொற்களில் அடங்கிவிடும். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோனின் வானொலி நிலையம் வாரச் செய்தியை ஒலிபரப்பியது. 1926 ஏப்ரல் 1-ஆம் தேதி ஜெனீவாவிலிருந்து ஒரு வார ஏடு வெளிவரத் தொடங்கியது. நோய்ப்பரவல் வாரப் பதிவு என்று இன்றும் உலக சுகாதார நிறுவனம் வெளியிடுகிறதே, அதேதான். அதே ஆண்டு ஜூனில் பாரிஸில் கையெழுத்தான புதிய சுகாதார ஒப்பந்தம் சிங்கப்பூர் போன்ற வட்டார அலுவலகங்களுக்கு இடம் கொடுத்தது. வாஷிங்டனில் அமெரிக்க அரசு அச்சிட்ட சுகாதார வார இதழின் காலரா அட்டவணையிலும் ‘நெகப்பட்டம்’ என்ற பெயர் ஏறியது. தஞ்சை ஜில்லாவின் வாந்திபேதி, அதைக் கேள்விப்பட்டே இராத ஊர்களின் அலுவலக மேசைகளில் கிடந்தது.

அந்த எண் எங்கிருந்து கிளம்பியது? இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதிலிருந்து என்னை விடாமல் பிடித்திருக்கும் கேள்வி இது.

துறைமுக நகரத்தின் கணக்கை நகரசபை வைத்திருந்தது. நகரத்துக்கு நோய் வந்து சேர்வது கிராமத்திலிருந்து. சென்னை மாகாணத்தின் 1899-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிராமத்தில் ஜனன மரணப் பதிவாளர் கிராம முன்சீப். சேரியில் ஒரு பண்ணையாள் இறந்தால் வெட்டியானோ தலையாரியோ வந்து சொல்லவேண்டும். முன்சீப் புத்தகத்தை எடுத்துப் பெயர், வயது, தேதி எழுதி, காரணம் என்ற கட்டத்துக்கு வருவார். காலரா, அம்மை, பிளேக், காய்ச்சல், சீதபேதியும் வயிற்றுப்போக்கும், மூச்சு நோய், காயம், மற்றவை. இந்தச் சில கட்டங்களுக்குள் ஒரு மனிதனின் சாவை அடக்கவேண்டும். எந்த வைத்தியரும் பார்த்திருக்கமாட்டார். காய்ச்சல் என்ற கட்டத்தில் மலேரியாவும் காசமும் பிரசவ ஜன்னியும் எல்லாம் போய் விழுந்தன. வாந்திபேதி மட்டும் விதிவிலக்கு. காலையில் வயலுக்குப் போனவன் மாலைக்குள் கண் உள்ளே போய், கை விரல் சுருங்கி, குரல் கம்மிச் செத்தால் அது இன்னதென்று ஊருக்கே தெரியும். ஆகவே அன்றைய சென்னை மாகாணப் புள்ளிவிவரங்களில் ஓரளவு நம்பத்தக்கது காலராக் கணக்குத்தான்.

முன்சீப் நேர்மையாக எழுதினால் என்ன நடக்கும்? சுகாதார இன்ஸ்பெக்டர் வருவார். குடிதண்ணீர்க் கிணற்றில் பெர்மாங்கனேட் போடுவார். தண்ணீர் கத்தரிப்பூ நிறமாகும், ஊர் முணுமுணுக்கும். திருவிழா நின்றுபோகலாம். சந்தை நின்றுபோகலாம். நடவு நேரமாக இருந்தால் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வராது, மிராசுதார் முன்சீப்பைக் கூப்பிட்டு விசாரிப்பார். சாவைச் சீதபேதிக் கட்டத்தில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கான்ஸ்டான்டிநோபிளில் பிரிட்டிஷ் அரசுக்கு இருந்த சங்கடமும் வலங்கைமானிலோ திருத்துறைப்பூண்டியிலோ ஒரு முன்சீப்புக்கு இருந்த சங்கடமும் ஒரே சங்கடம்தான். சொன்னால் இழப்பு, சொல்வதால் கைக்கு வருவது ஒன்றுமில்லை. இதை நான் முன்சீப்புகளைக் குறை சொல்ல எழுதவில்லை. அந்த ஏற்பாட்டின் உள்ளே இருந்த பிழை இது. மேலே ஜெனீவா வரை அந்தப் பிழை தொடர்ந்தது.

சிங்கப்பூர் அலுவலகம் இதில் பாதியைச் சரிசெய்தது என்று ஒப்புக்கொள்ளவேண்டும். துறைமுகங்களுக்கு இடையே அது கொடுக்கல் வாங்கலை உண்டாக்கியது. நாகப்பட்டினம் தன் கணக்கைக் கொடுத்தது. பதிலுக்கு ரங்கூனின் பிளேக், பட்டாவியாவின் அம்மை, கல்கத்தாவின் காலரா பற்றிய செய்தி அதற்குக் கிடைத்தது. வதந்தியைக் கேட்டுத் துறைமுகத்தை மூடும் வழக்கத்துக்குப் பதிலாக, எண்ணைப் பார்த்து நடவடிக்கை எடுக்கும் வழக்கம் மெல்ல வந்தது. சங்கத்தில் பகைமை முற்றிக்கொண்டிருந்த 1930-களிலும் ஜப்பான், சீனம், டச்சு, பிரெஞ்சு, பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிகள் எல்லாம் இந்தத் தந்தியை மட்டும் நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டிருந்தன. 1933-ல் ஜப்பான் தேசங்களின் சங்கத்தைவிட்டு வெளியேறுவதாக அறிவித்தது. அதற்குப் பிறகும் இந்த ஒரு வேலையில் ஒத்துழைத்தது. அரசியல்வாதிகள் முறித்துக்கொண்ட பிறகும் சுகாதார அதிகாரிகள் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது இன்று படிக்கும்போதும் மனதுக்கு ஆறுதலாக இருக்கிறது.

மற்றப் பாதி சரியாகவில்லை. துறைமுகத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே இருந்த கொடுக்கல் வாங்கல், துறைமுகத்துக்கும் சேரிக்கும் நடுவே இல்லை. எண் ஊரிலிருந்து மேலே போயிற்று. மேலிருந்து ஊருக்கு எது திரும்பி வந்தது?

சென்னை மாகாணத்தின் பொதுச் சுகாதார இயக்குநர் ஏ. ஜே. எச். ரஸ்ஸல் 1920-களில் இந்தக் கணக்குகளைக் கொண்டு அருமையான வேலை செய்தார். அவரும் சுந்தரராஜன் என்பவரும் சேர்ந்து 1928-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் காலரா எப்போது ஓங்குகிறது, எந்தப் பகுதியில் தங்கியே இருக்கிறது என்று எண்களின் ஓட்டத்திலிருந்து காட்டியது. சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ ஆறு ஆண்டுக்கு ஒருமுறை கொள்ளை பெருகுகிறது என்பது ரஸ்ஸலின் கண்டுபிடிப்பு. காவிரிக் கழிமுகம் நோய் விட்டுப்போகாமல் தங்கும் இடங்களில் ஒன்று என்று அக்கால ஆய்வாளர்கள் எழுதினார்கள். முன்கூட்டிச் சொல்லமுடிந்தால் முன்கூட்டித் தடுக்கலாம். கழிமுகத்தில் அதற்கு ஒரே வழி நல்ல குடிநீர். வாய்க்காலில் தண்ணீர் வரும் மாதங்களில் மாடு குளிப்பாட்டுவதும் துணி அலசுவதும் குடிக்க மொள்வதும் அதே வாய்க்காலில். அடைத்த பிறகு குட்டையும் ஆற்று மணலில் தோண்டிய ஊற்றும். ஊர்க் கிணற்றில் சேரி மக்கள் கைவைக்க முடியாது. அவர்களுக்கு வாய்க்கால்தான் கதி. காலராப் பட்டியலில் சேரியின் சாவு ஏறிக்கொண்டே இருந்ததற்குக் கிருமி பாதிக் காரணம், சாதி பாதிக் காரணம். ரஸ்ஸலின் வரைபடத்தில் மழையும் ஈரப்பதமும் உண்டு. யார் எந்தக் கிணற்றில் மொள்ளலாம் என்பதற்கு அதில் இடமில்லை.

அந்த எண்ணின் விளைவு இன்னொரு வடிவில் மட்டும் இம்மக்களை வந்து அடைந்தது. பினாங்கை நெருங்கும் கப்பலில் முதல் வகுப்புப் பயணி மருத்துவரிடம் முகத்தைக் காட்டிவிட்டு ஊருக்குள் போவார். தளப் பயணி ஜெரஜாக் தீவுக்குப் போவார். சிங்கப்பூர் என்றால் செயின்ட் ஜான்ஸ் தீவு. மூட்டையைப் பிரித்து நீராவியில் புழுக்கி, வரிசையில் நிறுத்திக் குளிப்பாட்டி, நாள் கணக்கில் அடைத்துவைப்பார்கள். நாகப்பட்டினத்தில் காலரா ஏறினால் அந்த நாட்கள் கடுமையாகும். வெண்ணாற்றங்கரையில் ஒரு கிழவி செத்த கணக்கு, அவள் பேரனை ஒரு தீவில் நிறுத்திவைத்தது. அவள் குடித்த தண்ணீரை மாற்றவில்லை.

நோய்த் தகவலை யார் கொடுக்கிறார், அதனால் வரும் நன்மை யாருக்கு என்ற இந்தச் சிக்கல் அன்றோடு தீரவில்லை. பறவைக் காய்ச்சல் கிருமி மாதிரிகளை அனுப்ப மாட்டோம் என்று இந்தோனேசியா 2007-ல் மறுத்தது இதனால்தான். எங்கள் நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமியைக் கொண்டு தடுப்பூசி செய்து, அதை எங்களால் வாங்க முடியாத விலைக்கு விற்கிறீர்கள் என்றது. 2025 மே மாதம் உலக சுகாதார சபை ஏற்றுக்கொண்ட பெருந்தொற்று உடன்படிக்கையிலும் கிருமியையும் அதன் மரபணுத் தகவலையும் பகிர்வது, பயனைப் பங்கிடுவது என்ற இடத்தில் வந்துதான் பேச்சு முட்டியது. அந்தப் பகுதியை மட்டும் தனிப் பின்னிணைப்பாகப் பிறகு பேச ஒதுக்கிவிட்டு மற்றதை நிறைவேற்றினார்கள். அந்த மேசைகளில் இன்று இந்தியா தன் பெயரில் பேசுகிறது. 1925-ல் சிங்கப்பூரில் கூடியபோது இந்தியாவுக்காகப் பேசியது பிரிட்டிஷ் அரசு. கழிமுகத்துக்காரர் யாரும் அங்கே இல்லை.

1938-ல் இந்திய அரசு மலாயாத் தோட்டங்களுக்கு உதவித்தொகையோடு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. சொந்தச் செலவில் போனவர்கள் இருந்தார்கள். அங்கேயே தங்கிவிட்டவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். பிறகு போர் வந்தது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. பதினேழு ஆண்டாக ஒலித்துக்கொண்டிருந்த வாரச் செய்தி நின்றது.

நின்றதன் பொருள் என்ன என்பதை அடுத்த ஆண்டு காட்டியது. ஜப்பானிய ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரமாயிரமாக அள்ளிக்கொண்டு போனது. தஞ்சை ஜில்லாவிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் போனவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அதில் உண்டு. 1943 மே, ஜூன் மழையில் அந்த முகாம்களில் காலரா வெடித்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளின் முகாம்களில் மருத்துவர்கள் இருந்தார்கள். கொதிக்கவைத்த தண்ணீர் தவிர வேறு குடிக்கக்கூடாது என்று கட்டளையிட்டார்கள். மூங்கில் குழாயும் ரப்பர்க் குழாயும் கொண்டு உப்புநீர் ஏற்றினார்கள். காவலருக்குத் தெரியாமல் ஒவ்வொரு சாவையும் எழுதி ஒளித்துவைத்தார்கள். 12,000-க்கு மேற்பட்ட அந்தக் கைதிகளின் மரணம் பெயர் பெயராகத் தெரிகிறது. தமிழர் முகாம்களில் பெரும்பாலும் மருத்துவரும் இல்லை, எழுதுகிறவரும் இல்லை. அங்கே மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்பதில் மதிப்பீட்டுக்கு மதிப்பீடு பல பத்தாயிரம் வித்தியாசப்படுகிறது.

நாகப்பட்டினத்தில் ஏறும்போது இவர்களை எண்ணியிருந்தார்கள். அம்மைத் தழும்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு கையையும் பார்த்திருந்தார்கள். பினாங்கில் இறங்கும்போது மறுபடி எண்ணினார்கள். அவர்களுடைய உடம்பு அடுத்தவருக்கு ஆபத்தாக இருக்கக்கூடும் என்ற இடத்திலெல்லாம் கணக்கு இருந்தது. அவர்களுக்கே ஆபத்து வந்த இடத்தில் கணக்கு இல்லை.

போர் முடிந்தபின் சிங்கப்பூர் நிலையம் மறுபடி திறந்தது. தேசங்களின் சங்கம் கலைந்துபோக, 1948-ல் முறைப்படி பிறந்த உலக சுகாதார நிறுவனத்தின் கைக்கு அது வந்தது. ஐம்பது ஆண்டுக்கும் மேலாகச் சேர்ந்திருந்த ஒப்பந்தங்களையெல்லாம் ஒன்றாக்கி 1951-ல் புதிய சுகாதார விதிகளை எழுதினார்கள். சுதந்திர இந்தியா அதில் உறுப்பு நாடு. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் விதியை அப்படியே ஏற்க மறுத்தது. அது காலராவும் அல்ல, அம்மையும் அல்ல. இந்த மண்ணில் ஒருபோதும் கால்வைக்காத மஞ்சள் காய்ச்சல். நோயைப் பரப்பும் நாடு என்று எண்பது ஆண்டாகக் குற்றக்கூண்டில் நின்ற இந்தியா, இப்போது தன் கதவைக் காக்க நின்றது. அந்தக் கதை அடுத்த பகுதியில்.